ஸ்பானிய மொழியில் சாப்பாட்டுச் சொற்கள்: தமிழ் வழியாகவே கற்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்பானியம் படிக்க ஆரம்பித்த புதிதில் 200 உணவுச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை அகரவரிசையில் மனப்பாடம் செய்தேன். ஆர்ட்டிசோக்குக்கு 'அல்காச்சோஃபா' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முதல்முறையாக ஒரு ஸ்பானியக் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்பூன் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. கையால் ஜாடை காட்டித்தான் வாங்கினேன். ஆர்ட்டிசோக் அன்று மேசைப் பக்கமே வரவில்லை.

வரிசை தப்பு என்பது அன்றைக்கே புரிந்துவிட்டது. இன்னொரு தப்பு புரிய வெகுநாள் ஆனது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் பொருள் போட்டிருந்தது. ஸ்பானியத்தைக் கேட்டு, மனதுக்குள் ஆங்கிலமாக்கி, அதைத் தமிழாக்கிப் புரிந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு விஷயத்தில் தமிழும் ஸ்பானியமும் பல இடங்களில் நேருக்கு நேர் பொருந்துகின்றன, நடுவில் ஆங்கிலம் வந்தால்தான் சிக்கல். எனவே இந்த வழிகாட்டியில் ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் நேராகவே போகப்போகிறோம்.

படி 1: முதலில் வாயைப் பழக்குங்கள்

சொற்களுக்கு முன்னால் ஒலிகள். இதற்கு ஒரு மாலை போதும்.

'தக்காளி'க்கு ஸ்பானியத்தில் 'தொமாத்தே'. ஆங்கிலப் பழக்கத்தில் 'டொமாட்டே' என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். ஸ்பானியத்தின் 'த' நம் 'த'தான், நாக்கு பல்லைத் தொடும். 'எலாதோ' (ஐஸ்கிரீம்) என்பதில் வரும் 'த'வை 'அதோ' என்பதில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னால் சரியாக வந்துவிடும். அன்னாசிக்கான 'பீஞா'வில் வருவது அசல் நம் 'ஞ'. அந்த மொழிக்கே அடையாளமாகிவிட்ட, தலையில் அலைக்கோடு போட்ட எழுத்து இதற்காகத்தான் இருக்கிறது.

பழக வேண்டியவை மூன்று. 'ஹமோன்' (பன்றித்தொடைக் கறி), 'ஆஹோ' (பூண்டு) இவற்றில் வரும் 'ஹ' தொண்டையை உரசிக்கொண்டு வரும். அரிசியான 'அர்ரோஸ்' என்பதில் 'ர்' உருண்டு அதிர வேண்டும். அப்புறம், சொல்லின் தொடக்கத்தில் 'வ' எழுத்து இருந்தாலும் உதடு சேர்ந்து 'பஸ்' என்பதில் உள்ள 'ப' போலத்தான் ஒலிக்கும். கண்ணாடி டம்ளர் 'பாஸோ', காய்கறி 'பெர்தூரா' எல்லாம் அப்படித்தான்.

இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் ஸ்பானிய எழுத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். திராட்சைத் தோட்டமும் அன்னாசியும் தமிழ் எழுத்தில் ஒரே 'பீஞா'வாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில 'ஸ'க்களை நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவில் வைத்துச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்காவில் வெறும் 'ஸ'. நான் 'ஸ' என்றே எழுதுகிறேன்.

படி 2: கை எட்டும் தூரத்தில் இருப்பவை

சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பாட்டு மேசை. மேசைக்கு ஸ்பானியத்தில் 'மேஸா'. நம் 'மேசை' போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல், ஸ்பானியமும் போர்ச்சுகீசியமும் அக்கா தங்கை. 'கோப்பை'யும் அப்படி வந்ததுதான். ஸ்பானிய 'கோப்பா' மட்டும் கொஞ்சம் மாறி, காம்பு வைத்த ஒயின் கிளாஸைக் குறிக்கிறது. காபிக் கோப்பை 'தாஸா'.

தட்டு 'எல் பிளாத்தோ', ஸ்பூன் 'லா குச்சாரா', முள்கரண்டி 'எல் தெனெதோர்', கத்தி 'எல் குச்சியோ', கைதுடைக்கும் துணி அல்லது தாள் 'லா செர்வியேத்தா'. தண்ணீர் 'அகுவா', உப்பு 'ஸால்', ரொட்டி 'பான்'. ஈழத்தமிழர் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அவர்களுக்கு அது ஏற்கெனவே 'பாண்'.

இந்தச் சொற்களைப் படிக்க நோட்டு வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு வேளையும் தட்டு எடுக்கும்போது 'எல் பிளாத்தோ', தண்ணீர் ஊற்றும்போது 'அகுவா' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் முதல் இரண்டு நாள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

படி 3: 'எல்', 'லா' இல்லாமல் எந்தச் சொல்லையும் வாங்காதீர்கள்

மேலே சொற்களுக்கு முன்னால் 'எல்', 'லா' என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஸ்பானியத்தில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. தமிழில் 'அது' என்ற ஒற்றைச் சொல்லில் இதையெல்லாம் முடித்துவிட்டோம், அதனால் நமக்கு இது உண்மையிலேயே புதிது. இந்த இடத்தில் தமிழ் உதவாது.

'ஓ' என்று முடிந்தால் பெரும்பாலும் 'எல்', 'ஆ' என்று முடிந்தால் பெரும்பாலும் 'லா'. எல் போயோ (கோழிக்கறி), எல் கேஸோ (சீஸ்), லா ஸோப்பா (சூப்), லா ஃப்ரூத்தா (பழம்). 'ஏ'யிலோ மெய்யிலோ முடிந்தால் ஊகிக்க முடியாது: பால் லா லேச்சே, இறைச்சி லா கார்னே, ஆனால் எண்ணெய் எல் அஸேய்த்தே. உப்பு லா ஸால், ரொட்டி எல் பான். காரணம் தேடாதீர்கள், சேர்த்தே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சேர்த்துப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு 'லா பாப்பா'. 'எல் பாப்பா' என்றால் ரோமில் இருக்கும் போப். கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுத்து 'பாப்பா' என்றால் அப்பா.

தண்ணீர் விஷயத்தில் ஒரு குறும்பு உண்டு. 'அகுவா' பெண்பால், ஆனாலும் 'எல் அகுவா' என்றுதான் சொல்ல வேண்டும். அழுத்தமான 'அ'வில் தொடங்குவதால் 'லா அகுவா' என்றால் இரண்டு 'ஆ' மோதும், அதைத் தவிர்க்க இந்த ஏற்பாடு. அடைமொழி பெண்பாலாகவே இருக்கும்: குளிர்ந்த தண்ணீர் 'எல் அகுவா ஃப்ரீயா'. பசியைக் குறிக்கும் 'ஆம்ப்ரே'வும் இதே கட்சி, 'ரொம்பப் பசி' என்பதற்கு 'மூச்சா ஆம்ப்ரே'.

படி 4: சொற்களைக் குடும்பமாகப் பிடியுங்கள்

இனி பொருள்கள். தனித்தனியாகப் படித்தால் ஓடிவிடும், குடும்பமாகப் பிடித்தால் நிற்கும். எனக்குப் பெரிதும் உதவியவை இவை.

*கடைசி எழுத்துகள்.* 'எரீயா' என்று முடிந்தால் அது விற்கும் கடை: பான், பானதெரீயா (ரொட்டிக் கடை), ஃப்ரூத்தா, ஃப்ருத்தெரீயா (பழக்கடை), எலாதோ, எலாதெரீயா. 'எரோ', 'எரா' என்று முடிந்தால் பெரும்பாலும் அதை வைக்கும் பாத்திரம்: ஸால், ஸலேரோ (உப்பு ஜாடி), அஸூக்கார், அஸூக்கரேரோ (சர்க்கரைக் கிண்ணம்), என்ஸலாதா (சாலட்), என்ஸலாதேரா (சாலட் கிண்ணம்). அதே 'எரோ' ஆளையும் குறிக்கும், ரொட்டிக்காரர் 'பானதேரோ'. பழத்தில் இருந்து மரத்துக்குப் போக 'ஆ'வை 'ஓ'வாக்கினால் பல இடங்களில் போதும்: மன்ஸானா ஆப்பிள், மன்ஸானோ ஆப்பிள் மரம். நரான்ஹா ஆரஞ்சு, நரான்ஹோ அதன் மரம்.

*அரபுக் கூட்டம்.* 711 முதல் 1492 வரை ஐபீரியத் தீபகற்பத்தில் ஏதோ ஒரு பகுதியாவது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. பாசனத்தோடும் பயிர்களோடும் சொற்களும் வந்தன. அர்ரோஸ், அஸூக்கார், அஸேய்த்தே, அஸெய்த்தூனா (ஆலிவ் காய்), பெரென்ஹேனா (கத்தரிக்காய்), எஸ்பினாக்கா (கீரை வகை), லிமோன், அஸாஃப்ரான் (குங்குமப்பூ). 'அ'வில் தொடங்கும் சமையல் சொல் கண்ணில் பட்டால் அரபாக இருக்குமோ என்று பாருங்கள், அடிக்கடி இருக்கும். அரபியின் 'அல்' என்ற முன்னொட்டு ஒட்டிக்கொண்டு வந்ததன் விளைவு அது. 'நரான்ஹா'வும் அரபு வழியாகத்தான் வந்தது. அதற்குப் பின்னால் பாரசீகம், சமஸ்கிருதம், அதற்கும் பின்னால் ஒரு திராவிட வேர் என்று பல மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். நம் 'நாரத்தை'யை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல் மறக்காது. 'மாங்கோ' பற்றிச் சொல்லவே வேண்டாம், மாங்காய்தான் போர்ச்சுகீசியர் கப்பலேறிப் போனது.

*அமெரிக்கக் கூட்டம்.* தொமாத்தே, சொக்கொலாத்தே, அகுவகாத்தே (அவகாடோ) போன்றவை மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இருந்து வந்தவை. 'ஆத்தே' என்ற வால் அந்த வீட்டு அடையாளம். 'பாப்பா' ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மொழிச் சொல்.

ஒரு ஜோடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீந்துகிற மீன் 'பெஸ்', பிடிபட்டுத் தட்டுக்கு வந்த மீன் 'பெஸ்காதோ'. 'பெஸ்காதோ' என்றால் 'பிடிக்கப்பட்டது' என்றே பொருள். ஹோட்டலில் 'பெஸ்' வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் மீன் வரும்.

படி 5: வேளைகளும் கடிகாரமும்

காலைச் சாப்பாடு 'தெசாயூனோ'. 'ஆயூனோ' என்றால் உண்ணாநோன்பு, 'தெஸ்' அதைக் கலைப்பது. மதியச் சாப்பாடு ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் 'கொமீதா', மற்றப் பல நாடுகளில் 'அல்முவெர்ஸோ'. ஸ்பெயினில் 'அல்முவெர்ஸோ' என்பது சில பகுதிகளில் முற்பகல் பத்துப் பதினொரு மணிக்குக் கொறிப்பதையும் குறிக்கும். மாலைச் சிற்றுண்டி 'மெரியெந்தா', இரவுச் சாப்பாடு 'ஸேனா'.

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். 'கொமீதாவுக்கு வாருங்கள்' என்று அழைத்தால் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். சிலியில் மாலைத் தேநீரோடு சாப்பிடுவதற்கு 'ஒன்ஸே' என்று பெயர், அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'பதினொன்று'.

ஒவ்வொரு வேளைக்கும் தனி வினைச்சொல் இருக்கிறது. 'இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன்' என்று மூன்று சொல் வேண்டாம், 'ஸெனே' என்ற ஒன்றே போதும். தெசாயுனார், கொமேர், மெரெந்தார், ஸெனார்: இந்த நான்கு வினைகளையும் பெயர்ச்சொல்லோடு ஜோடியாகப் படியுங்கள்.

படி 6: பிடிக்கும், காரம், சூடு

நான் அதிகம் ரசித்த பகுதி இது. பாடப்புத்தகங்கள் 'குஸ்தார்' என்ற வினையை ஒரு பூதம் போலக் காட்டும். ஆங்கிலத்தில் 'நான் காபியை விரும்புகிறேன்' என்ற அமைப்பு இருப்பதால் அவர்களுக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. நமக்கு?

மே குஸ்தா எல் கஃபே. எனக்குக் காபி பிடிக்கும்.

'மே' என்றால் 'எனக்கு'. 'தே' உனக்கு, 'லே' அவருக்கு, 'நோஸ்' நமக்கு. வேலை முடிந்தது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். மே குஸ்தான் லாஸ் ஊவாஸ், எனக்குத் திராட்சைகள் பிடிக்கும். 'எனக்கு முள்கரண்டி குறைகிறது' என்பதும் இதே அச்சு: மே ஃபால்தா உன் தெனெதோர்.

இந்த உற்சாகத்தில் 'எனக்குப் பசிக்கிறது' என்பதையும் 'மே' போட்டுச் சொல்லிவிடாதீர்கள். அங்கே ஸ்பானியம் வேறு வழியில் போகிறது: 'தேங்கோ ஆம்ப்ரே', பசி வைத்திருக்கிறேன். தாகத்துக்கு 'தேங்கோ ஸெத்'.

அடுத்து காரமும் சூடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கில வழி அகராதி காலை வாரும். காரம் 'பிக்காந்தே', சூடு 'கலியெந்தே'. தமிழில் இருந்து நேராகப் போனால் குழப்பமே இல்லை. உங்களுக்கு வெக்கையாக இருந்தால் மட்டும் 'எஸ்தோய் கலியெந்தே' என்று சொல்லாதீர்கள், அதற்கு வேறு, வெளியில் சொல்லத்தகாத பொருள். 'தேங்கோ கலோர்' என்று சொல்லுங்கள்.

மற்றச் சுவைகள்: இனிப்பு 'துல்ஸே', உப்புக் கரிப்பது 'ஸலாதோ', கசப்பு 'அமார்கோ', புளிப்பு 'ஆஸிதோ' அல்லது 'ஆக்ரியோ'. ஸ்பெயினில் 'ஸோஸோ' என்று ஒரு சொல் உண்டு, உப்புச் சப்பில்லாதது என்று பொருள். சுவாரசியமில்லாத ஆளையும் 'ஸோஸோ' என்பார்கள், நாம் 'சப்பென்று இருக்கிறார்' என்பதுபோல.

சமைத்தவரைப் பாராட்ட 'எஸ்தா ரிக்கோ' (சூப் போன்ற பெண்பால் பொருளுக்கு 'எஸ்தா ரிக்கா'). 'எஸ்' என்று மாற்றி, ஆளைச் சுட்டி 'எஸ் ரிக்கோ' என்றால் அவர் பணக்காரர். இந்த நொடியில் இந்தத் தட்டில் எப்படி இருக்கிறது என்பதற்கு 'எஸ்தா' என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு இந்த இலக்கணம் போதும்.

குடிப்பதற்கு 'பெபேர்' இருந்தாலும் 'தொமார்' என்ற சொல் இன்னும் தாராளமானது. காபி, மருந்து, சூப் எல்லாவற்றுக்கும் வரும், நாம் 'காபி சாப்பிடுறீங்களா?' என்று கேட்பதுபோல. லத்தீன் அமெரிக்காவில் ஒருவரைப் பற்றி எதுவும் சேர்க்காமல் 'அவர் தோமா' என்றால் மது அருந்துகிறவர் என்று அர்த்தம். தமிழில் 'அவர் குடிப்பார்' என்றால் என்ன புரிந்துகொள்வோம்? அதேதான்.

படி 7: ஒரு சமையல் குறிப்பை முழுசாகப் படியுங்கள்

60, 70 சொற்கள் கைவசம் வந்ததும் இணையத்தில் ஏதாவது ஒரு எளிய ஸ்பானியச் சமையல் குறிப்பை எடுங்கள். உருளைக்கிழங்கு, முட்டை, எண்ணெய், உப்பு மட்டுமே போதும் 'தோர்தியா எஸ்பாஞோலா'வுக்கு, வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று ஸ்பானியர்கள் ஓயாமல் சண்டை போடும் பண்டம் அது. வினைகள் திரும்பத் திரும்ப வரும்: பெலார் (தோல் சீவு), கோர்த்தார் (வெட்டு), பிக்கார் (பொடியாக நறுக்கு), ஃப்ரெயீர் (பொரி), எர்வீர் (கொதிக்கவை), பத்தீர் (அடித்துக் கலக்கு), அஞதீர் (சேர்).

அளவுகளில்தான் எனக்கு ஒரு நாள் வியப்பு. 'தோஸ் தியெந்தெஸ் தே ஆஹோ' என்று இருந்தது. 'தியெந்தே' என்றால் பல் என்று தெரியும். ஆங்கிலத்தில் பூண்டுப் பல்லுக்கும் கிராம்புக்கும் ஒரே சொல் என்பதால், அந்த வழியாகத் தேடிப் போயிருந்தால் கிராம்பில் போய் நின்றிருப்பேன். தமிழில் படித்தால் அகராதியே வேண்டாம்: இரண்டு பல் பூண்டு. 'குச்சராதா' ஒரு ஸ்பூன் அளவு, 'குச்சராதீத்தா' சின்ன ஸ்பூன் அளவு, 'உனா பீஸ்கா' ஒரு சிட்டிகை.

'குறிப்பு' என்பதற்கான 'ரெஸேத்தா' மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டையும் குறிக்கும். கடை ரசீது அது இல்லை.

படி 8: ஹோட்டல் மேசையில்

ஆர்டர் செய்வதற்கு 'எனக்குக் கிடைக்குமா' என்று சுற்றி வளைக்க வேண்டாம். 'பாரா மீ, லா ஸோப்பா.' எனக்கு சூப். மரியாதை கூட்ட 'கிஸியேரா' (வேண்டும் என்று பணிவாக). பரிமாறுபவரிடம் பேசும்போது நம் 'நீங்கள்' போல 'உஸ்தெத்' இருக்கிறது, 'நீ'க்கு 'தூ'. இந்த வேறுபாட்டையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, ஆனால் ஸ்பெயினில் 'தூ' நாம் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமே வந்துவிடும்.

உணவுப் பட்டியலைக் கேட்க 'லா கார்த்தா'. ஸ்பெயினில் 'மெனு' என்று கேட்டால் பல இடங்களில் 'மெனு தெல் தீயா', அதாவது விலை நிர்ணயித்த மதியச் சாப்பாடு, என்று எடுத்துக்கொள்வார்கள். 1960களில் சுற்றுலாப் பயணிகளுக்காக அரசு கட்டாயமாக்கிய ஏற்பாட்டில் இருந்து வளர்ந்தது அது. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு என்று மூன்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: 'தே ப்ரிமேரோ…, தே ஸெகுந்தோ…, தே போஸ்த்ரே…'

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நான் ஒருமுறை 'ஸின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லித்தான் பருப்பு சூப் வாங்கினேன். அதில் ஹமோன் துண்டுகள் மிதந்தன. பரிமாறியவர் ஏமாற்றவில்லை. பலருடைய காதில் 'கார்னே' என்பது மாட்டிறைச்சி போன்ற பெரிய துண்டுக்கறி மட்டும்தான், ஹமோன் வெறும் சுவைக்குப் போடுவது. எனவே எல்லாவற்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்.' சந்தேகம் வந்தால் 'யேவா கார்னே?' (இதில் இறைச்சி சேர்த்திருக்கிறதா?). மெக்சிகோவில் பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது சகஜம், அதற்கு 'யேவா மந்தேக்கா?' என்று கேளுங்கள். அதே 'மந்தேக்கா' அர்ஜென்டினாவில் வெண்ணெய்.

பதப்படுத்தும் ரசாயனம் இல்லாத உணவைக் கேட்க 'கொன்ஸெர்வாந்தே' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலத்தை ஒட்டி 'ப்ரெஸெர்வத்தீவோ' என்றால் ஆணுறை.

முடிந்ததும்: 'மே த்ராயே லா குவெந்தா, போர் ஃபவோர்?' பில் வரும்.

படி 9: ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சுமார் 20 நாடுகளின் மொழி என்பதால் காய்கறிகளுக்கு ஊருக்கு ஒரு பெயர். ஸ்பெயினில் பத்தாத்தா, கடல் தாண்டினால் பாப்பா. ஜூஸ் ஸ்பெயினில் ஸூமோ, அந்தப் பக்கம் ஹூகோ. அவகாடோ மெக்சிகோவில் அகுவகாத்தே, பெரு, சிலி, அர்ஜென்டினாவில் பால்தா. பீன்ஸ் வகைக்கு ஹுதீயாஸ், ஃப்ரிஹோலெஸ், போரோத்தோஸ், கராஓத்தாஸ் என்று நீளும். நம் அன்னாசியைப் பெரும்பாலோர் பீஞா என்றாலும் அர்ஜென்டினாவில் 'அனனா'. 'தோர்தியா' ஸ்பெயினில் முட்டைப் பண்டம், மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டி.

எல்லாவற்றையும் படிக்க முயன்றால் எதுவும் நிற்காது. நீங்கள் போகப்போகிற நாட்டின், அல்லது நீங்கள் பார்க்கும் தொடர்களின் ஸ்பானியத்தை மட்டும் பேசுங்கள். மற்றவை காதில் விழும்போது புரிந்தால் போதும்.

படி 10: மறக்காமல் வைத்திருக்க

1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், பின்னால் போகப்போக இடைவெளியைக் கூட்டுங்கள். கைபேசிச் செயலிகள் இதைத்தான் தானாகச் செய்கின்றன. அட்டையின் பின்பக்கம் படமோ தமிழோ இருக்கட்டும், ஒரு சிறு வாக்கியமும் இருக்கட்டும்.

தினமும் படுக்கும் முன் அன்று சாப்பிட்டதை மூன்று வாக்கியத்தில் ஸ்பானியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல் தெரியாமல் திக்கும் இடம்தான் மறுநாள் எழுத வேண்டிய அட்டை. என் பெட்டிக்கு வந்த அட்டைகளில் பாதி இப்படி வந்தவைதான்.

கடைசியாக ஒரு சொல்: 'ஸோப்ரெமேஸா'. மேசைக்கு மேல் என்று நேர்ப்பொருள். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல், காலித் தட்டுகளுக்கு நடுவே ஒரு மணி, இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர். பில்லை யாரும் தானாகக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். அரசியல், கால்பந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போகும், அதற்கெல்லாம் இந்தச் சொற்கள் போதாது. ரொட்டியைக் கிள்ளிக்கொண்டு கேட்டுக்கொண்டிருங்கள்.